பழைய விபிலில் தைத்த பை: அசலா, போலியா?

ஒரு நண்பரின் கேள்வி:

தங்கையின் பிறந்த நாளுக்கு ஒரு தோள்பை பார்த்து வைத்திருக்கிறேன். குவாத்தமாலாவில் மாயா பெண்கள் கையால் நெய்த பழைய 'ஹுயிபில்' சட்டையை வெட்டித் தைத்ததாம். விலை 7,200 ரூபாய். நாலு படம் போட்டிருக்கிறார்கள், நாலும் முன்பக்கம். கையால் நெய்ததுதானா, மெஷின் துணியா? படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

11 ஜனவரி, இரவு 9.40

முடியாது. நாலு படமும் முன்பக்கம் என்றால் பின்பக்கத்தைக் காட்ட அவர்களுக்கு இஷ்டமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

முதலில் பெயர். ஹுயிபில் இல்லை, விபில். ஸ்பானிஷில் அந்த முதல் எழுத்து ஊமை. 2018 கடைசியிலிருந்து பதினொரு மாதம் குவாத்தமாலா நகரத்தில் வேலை பார்த்தேன். முதல் மாதம் முழுக்க நானும் ஹுயிபில் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்தில் யாரும் திருத்தவில்லை, சிரித்ததோடு சரி.

சோதனை சுலபம். லைனிங்கைக் கொஞ்சம் தூக்கித் துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அச்சடித்தது. நூல் தாவித் தாவிக் கிடந்தால் கையால் நெய்தது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி சுத்தமாக இருந்தால் மெஷின். அவ்வளவுதான்.

அதே இரவு, 10.55

"அவ்வளவுதான்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுதியதில் பாதி தப்பு.

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகருக்குப் பக்கத்தில் சான் அந்தோனியோ அகுவாஸ் காலியெந்தெஸ் என்று ஓர் ஊர். கக்சிக்கெல் மொழி பேசும் நெசவாளிப் பெண்கள். அவர்களுடைய உயர்தர விபிலில் பூவும் கிளியும் பழமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எது முன், எது பின் என்று சொல்லவே முடியாது. அந்த நாட்டு நெசவிலேயே மிகக் கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று. நான் மேலே சொன்ன விதிப்படி அது 'மெஷின்'. அந்த ஊர்ப் பாட்டிகள் யாராவது தமிழ் படித்தால் என்னைத் தேடி வந்து அடிப்பார்கள்.

வெள்ளைப் பின்பக்கம் என்றால் அச்சு என்றதும் முழு விதி கிடையாது. வெள்ளைத் துணியில் ஊடைப் புட்டா (குறுக்கு நூலில் போடும் பூவேலை) முன்பக்கம் மட்டும் தெரியும்படி நெய்வதும் உண்டு. அங்கேயும் சாயம் ஏறிய நூல் பின்னால் எங்காவது எட்டிப் பார்க்கும். அச்சடித்த துணியில் வண்ண நூல் என்று ஒன்றே இருக்காது, நிறம் மட்டும்தான். நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

12 ஜனவரி, காலை

மிச்சப் பாதியும் தப்பு. இது நான் ஏமாந்த கதை என்பதால் நேற்று எழுத மனம் வரவில்லை.

என் அப்பா திருபுவனத்தில் பட்டு நெய்தவர். நான் நெய்யவில்லை, படித்துவிட்டு ஓடிவிட்டேன். ஆனாலும் துணி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் மட்டும் வீட்டுச் சொத்தாகக் கூடவே வந்தது. குவாத்தமாலா போய் ஒரு மாதத்துக்குள் ஒரு சந்தையில் பறவைகள் நிறைந்த பை ஒன்றை எடுத்தேன். அத்தித்லான் ஏரிக்கரைச் சாந்தியாகோ ஊரின் பாணி: கோடு போட்ட துணியில் கழுத்தைச் சுற்றிலும் பறவைகளாக ஊசி வேலை. பின்பக்கம் பார்த்தேன். நூல் கன்னாபின்னா என்று கிடந்தது. ஆகா, கைவேலை. பேரம் பேசி 200 கெட்சால் கொடுத்தேன். அப்போது ஒரு டாலர் ஏறக்குறைய 7.7 கெட்சால்.

பத்தடி தள்ளி அடுத்த கடையில் அதே பை. அதே பறவை. என் பையில் இடது இறக்கையில் ஒரு இடத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் மனிதக் கை என்று உருகிப்போயிருந்தேன். அந்தப் பையிலும் அதே இறக்கையில் அதே இடத்தில் தையல் விட்டிருந்தது. அதற்கடுத்த கடையிலும் அப்படியே.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. பிழையும் சேர்த்தே அடித்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே பின்பக்கம் அலங்கோலமாக இருந்தால் கைவேலை என்ற விதியையும் தூக்கிப் போடுங்கள். மெஷின் எம்பிராய்டரியில் பின்பக்கம் ஒரே நிறத்தில் அடிநூல் ஓடியிருக்கும். கையென்றால் முன்னால் என்ன நிறமோ அதுதான் பின்னாலும் தொங்கும். இது எனக்கு அப்போது தெரியாது.

12 ஜனவரி, மதியம்

"அப்படியானால் எதைத்தான் பார்ப்பது" என்று கேட்கிறார் கேள்வி கேட்டவர். நியாயம்தான். தறியைப் புரிந்துகொண்டால் பையைப் பார்க்கும் கண் தானாக வரும்.

மாயா பெண்களுடையது இடுப்புத்தறி. நம் நாட்டில் நாகாலாந்து, மிசோரம் பக்கம் பெண்கள் நெய்கிறார்களே, அந்த வகை. சட்டம் கிடையாது, குழி கிடையாது. பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவார்கள். மறு முனையில் ஒரு பட்டை, அது நெய்பவளின் இடுப்பைச் சுற்றிப் போகும். மண்டியிட்டு உட்கார்ந்து பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். நெய்பவளின் உடம்பும் தறியில் ஒரு உறுப்பு. எழுந்து போக வேண்டுமென்றால் பட்டையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம். குழந்தை அழுதால், அடுப்பில் பொங்கினால் அப்படித்தான்.

இதனால் இரண்டு விஷயம். துணியின் அகலம் அவள் கை எட்டும் தூரத்துக்கு மேல் போகாது. அதனால் ஒரு விபிலுக்கு இரண்டு அல்லது மூன்று துண்டு நெய்து இணைக்கிறார்கள். அந்த இணைப்பின் மேல் வண்ண நூலில் போடும் தையலுக்கு ராந்தா என்று பெயர், அதுவே ஓர் அலங்காரம். இன்னொன்று, அந்தத் துண்டுகள் பலவற்றில் நாலு பக்கமும் முடிந்த கரை. எங்கள் வீட்டில் புடவை முடிந்ததும் தறியிலிருந்து அறுப்பார்கள், அறுப்பு என்றே சொல்வார்கள். அங்கே அறுப்பே இல்லை. துணி முழுசாகக் கழன்று வருகிறது. பெரும்பாலான விபிலில் முதல் கத்திரி கழுத்துக்குத்தான்.

பையில் தேடவேண்டியது: ராந்தா தையல் எங்காவது ஓடுகிறதா, ஓரத்தில் இயல்பான கரை தெரிகிறதா, ஒரே புட்டா இரண்டாவது முறை வரும்போது ஓர் இழை கூடக் குறைய இருக்கிறதா. ஆளுக்கு மூச்சு வாங்கும் இடமெல்லாம் துணியில் தெரியும்.

13 ஜனவரி

நேற்றுப் பெருமையாக எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: "இடுப்புத்தறியில் நெய்யாததெல்லாம் போலியா?"

இல்லை. இதில் எனக்கே குழப்பம் இருந்தது. குவாத்தமாலாவில் விற்கும் பைகளில் பெரும்பங்கு மிதிதறித் துணி. மிதிகட்டை வைத்த தறியை ஸ்பானியர்கள் கொண்டுவந்தார்கள், அங்கே அதில் நெய்வது அதிகமும் ஆண்கள். பெண்கள் இடுப்பில் சுற்றும் கோர்த்தே என்ற பாவாடைத் துணி அதில்தான் வருகிறது. சல்கஹா, தொத்தோனிகபான் பக்கம் ஹஸ்பே என்று ஒரு வேலை: நூலை நெய்வதற்கு முன்பே இடையிடையே கட்டிச் சாயத்தில் முக்கிவிடுவார்கள், நெய்யும்போது உருவம் தானாக எழும். தெலங்கானாவின் போச்சம்பள்ளிப் புடவை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

அதுவும் கையும் காலும் சேர்ந்து செய்யும் வேலைதானே? ஊர் திரும்பி அப்பாவிடம் இந்தப் பைகளைக் காட்டும்போது "இது வெறும் மிதிதறி" என்று உதட்டைப் பிதுக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தக் கணக்கில் அவர் நாற்பது வருடம் நெய்ததும் வெறும் மிதிதறிதான்.

ஆகவே மிதிதறித் துணியை மிதிதறித் துணி என்று சொல்லி விற்றால் ஒரு தப்பும் இல்லை. "பாட்டி இடுப்புத்தறியில் ஆறு மாதம் நெய்தது" என்று கதை கட்டி விற்றால்தான் தப்பு.

13 ஜனவரி, சிறு சேர்க்கை

சாயம். கேட்டே ஆகவேண்டும். சிவப்பும் கருநீலமும் போகும். என் பறவைப் பை (ஆமாம், அதேதான், தூக்கிப் போட மனமில்லை) ஒரு மழையில் நனைந்து என் வெள்ளைச் சட்டையின் இடது பக்கம் முழுவதையும் ஹோலி ஆக்கியது. பச்சைத் தண்ணீரில் தனியாக, ஊற வைக்காமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

16 ஜனவரி

சாயம் என்றதும் இரண்டு பேர் இயற்கைச் சாயம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அத்தித்லான் ஏரிக்கரையில் சான் ஹுவான் லா லகுனா என்ற, சுதுஹில் மாயாக்களின் ஊர் இதற்குப் பெயர்போனது. பெண்கள் கூட்டுறவுகள் நிறைய. போனவுடன் ஒரு செய்முறை காட்டுவார்கள், சுற்றுலாக்காரர்களுக்கென்றே. கேரட், பீட்ரூட், தேங்காய் மட்டை, அவகாடோ கொட்டை, சிவப்புச் சாயம் தரும் கள்ளிப்பூச்சி எல்லாம் சட்டி சட்டியாக இருக்கும். கள்ளிப்பூச்சியை உள்ளங்கையில் நசுக்கிக் காட்டியபோது கூட வந்த ஒரு சைவ அம்மாளின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நிறம் நிற்பதற்கு அவர்கள் என்ன சேர்க்கிறார்கள் தெரியுமா? வாழை மரத்தின் தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்த நீர். வேட்டியில் வாழைக்கறை பட்டு அம்மாவிடம் திட்டு வாங்காதவன் நம்மில் உண்டா? கறை போகாது என்று நாம் அழுததை அவர்கள் வேலையில் வைத்துவிட்டார்கள்.

இந்த நூலில் நெய்தவை மங்கலாக, அமைதியாக இருக்கும். பளபளக்கும் இளஞ்சிவப்புப் பையைக் காட்டி யாராவது இயற்கைச் சாயம் என்றால் நம்பாதீர்கள். ஆனால் ஒன்று, அந்த ஊர்ப் பெண்கள் தங்களுக்கென்று உடுத்துவது அதிகமும் பளபளக்கும் நிறம்தான். மங்கலான நிறம் நமக்காக. வெளியூர்க்காரன் கண்ணுக்குப் பழமை என்றால் மங்கலாக இருக்கவேண்டும் போலிருக்கிறது.

17 ஜனவரி

ஒருவர் சற்றுச் சூடாக: "ஊருக்கு ஒரு நிறம், ஒரு வடிவம் என்பதே ஸ்பானியர்கள் மாயாக்களை அடையாளம் கண்டு அடக்கி வைக்கத் திணித்தது. இதில் என்ன பாரம்பரியம்?"

இதை எனக்கும் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் சொன்னார், நம்பினேன். ஸ்பானியர்கள் ஆடையில் தலையிட்டதும், ஆட்களை ஊர் ஊராகக் குடியமர்த்தியதும் உண்மை. அதற்காக வடிவமெல்லாம் அவர்கள் கொடுத்தது என்று ஆகிவிடாது. மெக்ஸிகோவில் உள்ள யாஷ்சிலான் என்ற பழைய மாயா நகரில் இருந்து எடுத்துப்போன, வாசலுக்கு மேல் வைக்கும் ஒரு கல் நிலைவிட்டம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.பி. 8-ஆம் நூற்றாண்டு. அதில் ஷோக் என்ற மாயா அரசி தன் நாக்கில் முள்கயிறு கோத்து இரத்தம் காணிக்கை தருகிறாள். பயங்கரமான சிற்பம். அவள் உடம்பில் இருக்கும் துணியைப் பாருங்கள், முழுக்கச் சாய்சதுரம். மெக்ஸிகோவின் சியாபாஸ் மாநில மலையூர்களில் பெண்கள் இன்றும் விபிலில் சாய்சதுரம் நெய்கிறார்கள். மெக்ஸிகோவின் ஹைனா தீவில் கிடைத்த சுடுமண் பொம்மை ஒன்றில் ஒரு பெண் மரத்தில் கட்டிய இடுப்புத்தறியோடு உட்கார்ந்திருக்கிறாள். கொலம்பஸின் பாட்டன் பிறப்பதற்கு ஐநூறு வருடத்துக்கு மேல் முந்தியது.

மறுபக்கமும் உண்டு. நான் புகழ்ந்த சான் அந்தோனியோவின் பூவும் பழமும் ஐரோப்பியக் குறுக்குத்தையல் மாதிரிகளைப் பார்த்து எடுத்தவை. எடுத்ததை யாரும் நெய்ய முடியாத அளவுக்கு நெய்துவிட்டார்கள். இனி அது அவர்களுடையது.

17 ஜனவரி, இரவு

சம்பந்தமில்லாத ஒன்று. அந்த நாட்டு 25 செந்தாவோ காசில் ஒரு பெண் முகம் உண்டு. தலையில் நீளமான நாடாவைச் சுற்றிச் சுற்றித் தட்டு மாதிரி வைத்திருப்பாள். சாந்தியாகோ அத்தித்லான் ஊரின் தலையணி அது. நெசவை நோட்டிலும் காசிலும் போட்டுக்கொள்வதில் எந்த நாட்டு அரசுக்கும் குறைச்சல் இல்லை, நெசவாளிக்குக் கூலி என்று வரும்போதுதான் பேச்சு மாறும். சரி, விடுங்கள்.

19 ஜனவரி

பை பெண்கள் சமாசாரம் என்று நினைத்துத்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம், நானும்தான். அங்கே தலைகீழ். தோளில் பை மாட்டுவது பழைய வழக்கப்படி ஆண். அந்தப் பைக்கு மொர்ரால் என்று பெயர். சொலொலாவிலும் தோதோஸ் சாந்தோஸிலும் ஆண்களே அதைப் பின்னுகிறார்கள். தோதோஸ் சாந்தோஸில் சிவப்புக் கோடு போட்ட கால்சட்டையோடு ஒரு பெரியவர் நடந்துகொண்டே கொக்கி ஊசியால் பை பின்னியதைப் பார்த்தேன். பேருந்துக்கு நிற்கும்போதும் கை நிற்கவில்லை. சான் பாப்லோ லா லகுனா பக்கம் கற்றாழை நாரில் கயிறும் பையும் திரிக்கிறார்கள்.

பெண்கள் எதில் சுமப்பார்கள் என்றால் துணியில். சதுரத் துணி ஒன்று, சூத்தே என்பார்கள். தலையில் மடித்து வைத்தால் வெயிலுக்கு, விரித்தால் குழந்தைக்கு, கூடையில் போட்டால் சோள ரொட்டி ஆறாமல் இருப்பதற்கு. ஆக, பெண்ணின் சட்டையை வெட்டிப் பெண்ணுக்குக் கைப்பை என்பது முழுக்க முழுக்க வாங்குகிறவர்களுக்காக வந்த பண்டம். அதனால் அது மட்டம் என்று சொல்லவில்லை. "ஆயிரமாண்டுப் பாரம்பரிய மாயா கைப்பை" என்று எழுதியிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். துணிக்கு ஆயிரம் ஆண்டு, ஜிப்புக்கு இல்லை.

22 ஜனவரி

இதுவரை அசலா போலியா என்றே எழுதிவிட்டேன். எனக்கு உறுத்துவது வேறு.

பறவைப் பையில் ஏமாந்த பிறகு சபதம் எடுத்து, பனஹசெல் ஊரில் ஒரு பெண்மணியிடம் 350 கெட்சாலுக்கு இரண்டாவது பை வாங்கினேன். இது அசல். பழைய விபில், இடுப்புத்தறி, ராந்தா தையல் ஓரமாகத் தெரிந்தது. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு மாட்டிக்கொண்டு போனேன். கணக்குப் பிரிவில் கீச்சே என்ற மாயா இனத்து அம்மா ஒருவர், ஐம்பது வயசிருக்கும், தினமும் விபிலில்தான் வருவார். பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெபாஹ் ஊர் என்றார். இஷில் என்ற இன்னொரு மாயா இனத்துப் பெண்களுடையது. அப்புறம் மெதுவாக, பறவையும் குதிரையும் தலைகீழாக இருக்கின்றன என்றார்.

ஆமாம். தைத்தவர் துணி வீணாகக்கூடாது என்று துண்டைத் திருப்பி வைத்து வெட்டியிருந்தார். ஒரு குதிரைக்குக் கழுத்து வரைக்கும்தான் இருந்தது, தலை தையலுக்குள் போய்விட்டது. ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு அலைந்தேன், என் கண்ணில் படவில்லை. தறிக்காரன் பிள்ளை!

அவர் கோபப்படவில்லை. தன் அம்மாவின் விபில்கள் பெட்டியில் இருப்பதாகவும், அவற்றை வெட்டுவதாக இருந்தால் முதலில் தன்னை வெட்டவேண்டும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு நான் பையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

22 ஜனவரி, இன்னும் கொஞ்சம்

நெபாஹ் என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996 வரை. ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையம் 1999-ல் கொடுத்த அறிக்கைப்படி செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 2 லட்சத்துக்கு மேல், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயாக்கள். நெபாஹ் இருக்கும் இஷில் பகுதியில் 1980-களின் தொடக்கத்தில் ஊர் ஊராக எரித்தார்கள். விபிலைப் பார்த்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்பதால் தப்பியோடிய பெண்கள் அதைக் கழற்றிவிட்டு வேறு ஆடைக்கு மாறினார்கள். 2013 மே மாதம் முன்னாள் ஆட்சியாளர் ரியோஸ் மோந்த்துக்கு இனப்படுகொலைக் குற்றத்தில் தண்டனை கிடைத்தது. பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த வழக்கில் இஷில் பெண்கள் தலையில் நெசவுத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்து சாட்சி சொன்னார்கள்.

போரில் கணவனை இழந்த பெண்கள் கூடி நெசவுக் கூட்டுறவு ஆரம்பித்ததும் உண்டு. கெட்சால்தெனாங்கோவில் ட்ராமா என்ற கூட்டுறவு 1988-ல் அப்படித் தொடங்கியது.

25 ஜனவரி

"அப்படியானால் வாங்கவே கூடாது என்கிறீர்களா? வாங்காவிட்டால் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுவார்கள்?" நாலு பேர் இதையே நாலு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கிளம்புவதற்கு முன் திரும்பப் பனஹசெல் போனேன், அந்தப் பெண்மணியைத் தேடி. பழைய விபில் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மூட்டைக்காரர்கள் ஊர் ஊராகப் போய் வாங்கி வருகிறார்கள் என்றார். தானும் தன்னுடைய இரண்டை விற்றிருக்கிறார், பையன் பள்ளிக்கூடத்துக்கு. ஒன்றுக்கு 125 கெட்சால். வருத்தமில்லையா என்றதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த தறியைக் காட்டினார். புதுசு பாதி நெய்தாகிவிட்டது.

கணக்கம்மா வெட்ட மாட்டார். இவர் விற்றுவிட்டுப் புதுசு நெய்கிறார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எங்கள் வீட்டிலேயே பாட்டியின் கூறைப்புடவையைச் சரிகைக்காக உருக்கப் போட்டார்கள், கல்யாணச் செலவுக்கு.

என் கணக்கு வேறு இடத்தில் இடிக்கிறது. ஒரு விபிலில் இப்படி இரண்டு மூன்று பை வரும். நெய்யப் பல வாரம், சிக்கலான வேலை என்றால் மாதக்கணக்கு. நெய்தவளுக்கு 125. நான் கொடுத்தது பை ஒன்றுக்கு 350. இங்கே உங்களிடம் கேட்பது 7,200 ரூபாய். இடையில் இருக்கும் கைகளில் நெய்யாத கைகள் எத்தனை?

26 ஜனவரி

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு. 2016-ல் அஃபெதெஸ் என்ற பெண்கள் அமைப்பும் மாயா நெசவாளிப் பெண்களின் இயக்கமும் குவாத்தமாலாவின் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். வடிவங்கள் தனி ஆளுக்கோ கம்பெனிக்கோ சொந்தமில்லை, அந்தந்தச் சமூகத்துக்குக் கூட்டாகச் சொந்தம், அதைச் சட்டம் ஏற்கவேண்டும் என்பது கோரிக்கை. அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் மசோதாவும் கொண்டுபோனார்கள். அவர்களுடைய வாசகம் எனக்குப் பிடிக்கும்: காலனி ஆட்சியால் எரிக்க முடியாமல் போன புத்தகங்கள் எங்கள் நெசவுகள். வெறும் கவிதையாகச் சொன்னதில்லை அது. 1562-ல் மெக்ஸிகோவின் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரி மாயா சுவடிகளைக் குவித்து எரித்தார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நாலு.

காஞ்சிபுரம் மாதிரி புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் போதாதா என்கிறீர்கள். குறியீடு பெயரைக் காப்பாற்றும், கூலியை உயர்த்தாது. திருபுவனத்தில் கேட்டுப் பாருங்கள். குவாத்தமாலாவில் இப்போது பெரிய தலைவலி விபில் மாதிரியே அச்சடித்து வரும் மலிவுத் துணி. உள்ளூர்ப் பெண்களே வாங்குகிறார்கள், விலை அப்படி. அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

2 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் பின்பக்கப் படம் வாங்கி அனுப்பியிருக்கிறார். கேட்டதும் கடைக்காரர் கொடுத்துவிட்டாராம், நான் முதல் நாள் வீணாகச் சந்தேகப்பட்டேன்.

பார்த்தேன். மேல்மடல் மட்டும் விபில் துண்டு, இடுப்புத்தறிதான், கரை தெரிகிறது. உடம்பு முழுக்கக் கருநீல ஹஸ்பே, மிதிதறி. நல்ல துணி. "பழைய விபிலில் செய்தது" என்பது கால்வாசி உண்மை. அப்படியே கடைக்காரரிடம் சொல்லி விலை பேசுங்கள், யார் தைத்தது, எந்த ஊர்த் துணி என்றும் கேளுங்கள். தங்கைக்கு வெள்ளைச் சுடிதார் இருந்தால் எச்சரித்துவிடுங்கள்.

9 பிப்ரவரி

5,800-க்கு வாங்கிவிட்டாராம். ஊர் தொத்தோனிகபான் என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கை அதில் லேப்டாப் வைக்கிறாளாம். தைத்தவர் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்.

30 ஏப்ரல்

இந்தக் கேள்வி-பதில் இழையை மறந்தே போயிருந்தேன். நேற்று என் நெபாஹ் பையின் ஜிப் போய்விட்டது. கும்பகோணத்தில் பழக்கமான தையல்காரரிடம் கொண்டுபோனேன். லைனிங்கைப் பிரித்தால்தான் ஜிப் மாற்ற முடியும் என்றார், பிரித்தார். "தம்பி, இது சட்டையா? இங்க பாருங்க" என்று கூப்பிட்டார்.

உள்ளே மடித்து வைத்துத் தைத்திருந்த பகுதியில் கழுத்து வளைவு பாதி அப்படியே இருந்தது. வளைவைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் கைத்தையல். அதற்குக் கீழே ஓர் அங்குல நீளத்துக்குத் துணி கிழிந்து, இழை ஓட்டி அடைத்திருந்தார்கள். சுற்றிலும் சிவப்பு, ஓட்டிய நூல் மட்டும் ஊதா. கையில் கிடைத்த நூலில் அவசரமாகச் செய்தது மாதிரி இருந்தது. ஆனால் பாவும் ஊடையும் விடாமல் ஒன்று விட்டு ஒன்று கோத்திருந்தது. தலை போன குதிரைக்கும் அங்கே தலை இருந்தது.

"வேஸ்ட் துணிய வெட்டிடட்டுமா, ஜிப்பு நல்லா உக்காரும்" என்றார். வேண்டாம் அண்ணே, அப்படியே மடித்துத் தையுங்கள் என்றேன். கொஞ்சம் புடைப்பாக இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்தார். 180 ரூபாய். ஜிப் பாதி வரை சுலபமாகப் போகிறது, அந்த இடம் வந்ததும் கொஞ்சம் சிக்குகிறது, விரலால் அழுத்தித் தள்ளவேண்டும்.